தலைக்கணக்கும் கையெழுத்துக் கணக்கும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. அரையாண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட், நடுவில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஓடிவிட்டது. இப்போதும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கிளப்பிவிட்டது என் மகள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. 'அரசாங்கத்தில் பெண்கள்' என்று ஒரு சார்ட் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்தைக் களைந்துகொண்டிருக்கிறேன். ஹாலில் ஸ்கெட்ச் பேனா, ஸ்கேல் சகிதம் அவள். நான்கு தூண் வரைந்து வைத்திருந்தாள். மத்திய அமைச்சரவையில் பெண்கள்: 2014-ல் 7, 2019-ல் 6, 2021-ல் 11, 2024-ல் 7.

"அம்மா, 2021 தான் ஹையஸ்ட். அதுக்கு மட்டும் கோல்டு கலர் குடுத்துடவா?"

ரங்கமணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "சூப்பர்டா, குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். (அவருக்கு எல்லாமே சூப்பர்.) நான் ஈரக்கையோடு போய்ப் பார்த்தேன். எண்களில் தப்பில்லை, நான்குமே சரி. ஆனாலும் அந்தத் தங்கக் கலர் எனக்கு உறுத்தியது. ஏன் உறுத்தியது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

*

நான் பி.காம். படித்தவள். அரசியல் விஞ்ஞானமெல்லாம் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டியதில் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது ஒரு எண்ணை நீட்டினால், "மொத்தம் எத்தனையில் இத்தனை?" என்று கேட்பேன்.

2014 மே 26-ல் பதவியேற்றபோது பிரதமரையும் சேர்த்து 46 பேர். அதில் பெண்கள் 7. சுமார் 15 சதவீதம். 2021 ஜூலை மாற்றத்துக்குப் பிறகு 78 பேர். அதில் 11. சுமார் 14 சதவீதம். ஆக, தூண் உயர்ந்ததே தவிர பங்கு உயரவில்லை. இம்மியளவு இறங்கிக்கூட விட்டது. பந்தியில் இலை கூடினால் நம் வீட்டு ஆட்களும் கூடத்தான் உட்காருவார்கள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் இனிமேல்தான்.

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம், அதுவே ஒரு அசௌகரியம். 'அமைச்சரவை' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சமாசாரங்களுக்கு வைத்திருக்கிறோம். பதவியேற்கும் எல்லோரையும் சேர்த்தாலும் அமைச்சரவைதான். அதில் முடிவெடுக்கும் உள்வட்டமான கேபினட்டும் அமைச்சரவைதான். தினசரிகளில் 'மத்திய அமைச்சரவையில் 11 பெண்கள்' என்று படிக்கும்போது அது எந்த அமைச்சரவை என்று நாம் கேட்பதே இல்லை.

அமைச்சர்களில் மூன்று தரம் உண்டு. கேபினட் அமைச்சர், ஒரு துறைக்கோ பல துறைகளுக்கோ தலைவர், கேபினட் கூட்டத்தில் உட்காருபவர். அடுத்தது தனிப்பொறுப்பு இணை அமைச்சர். துறை அவர் கையில்தான், ஆனால் தன் துறை விவகாரம் வரும்போதுதான் கேபினட்டுக்குள் அழைப்பு. மூன்றாவது வெறும் இணை அமைச்சர். ஒரு கேபினட் அமைச்சருக்குக் கீழே, அவர் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பார்ப்பவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் அரசியல் சாசனத்தில் 'கேபினட்' என்ற சொல் ஒரே ஒரு பிரிவில்தான் வருகிறது. நெருக்கடி நிலை பற்றிய 352-வது பிரிவு. அதுவும் 1978-ன் 44-வது திருத்தத்தில் நுழைந்தது. நாட்டையே நடத்துகிற வட்டத்துக்கு சாசனத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்!

சரி. மகளிடம் ஸ்கேலை வாங்கி, அவள் போட்ட நான்கு தூணுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு தூண் போடச் சொன்னேன். இந்த முறை கேபினட் பெண்கள் மட்டும்.

2014: பிரதமரையும் சேர்த்து 24 பேரில் 6. சுஷ்மா ஸ்வராஜ், உமா பாரதி, மேனகா காந்தி, நஜ்மா ஹெப்துல்லா, ஹர்சிம்ரத் கவுர் பாதல், ஸ்மிருதி இரானி.

2019: 25 பேரில் 3.

2021: 31 பேரில் 2.

2024: 31 பேரில் 2.

ஆறு, மூன்று, இரண்டு, இரண்டு. சதவீதத்தில் 25, 12, ஆறரை, ஆறரை.

குழந்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒரு பக்கம் 2021-ல் தங்கத் தூண் வானத்தைத் தொடுகிறது. பக்கத்திலேயே அதே 2021-ல் இன்னொரு தூண் தரையைத் தட்டுகிறது. "ரெண்டும் கரெக்டாம்மா?" என்றாள். ரெண்டும் கரெக்ட்தான் கண்ணம்மா. அதுதான் வில்லங்கமே.

*

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பாஷை உண்டு. கடன் பற்றி எந்த அறிக்கை அனுப்பினாலும் இரண்டு காலம் இருக்கும். ஒன்று கணக்குகளின் எண்ணிக்கை. இன்னொன்று தொகை. எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பினால் மேலதிகாரி அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். ஐயாயிரம் ரூபாய்க் கடன் ஆயிரம் கொடுத்திருப்பதும் ஐந்து கோடிக் கடன் ஒன்று கொடுத்திருப்பதும் ஒன்றில்லை என்று நேற்று சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அதைவிட முக்கியம் 'சாங்ஷன் பவர்'. ஒரு கடன் மனு போனால் பரிந்துரைத்து எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், 'அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுபவர் ஒருவர். மூன்று பேருக்கும் அதிகாரி என்றுதான் பெயர். வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வணக்கம் வைப்பார். ஆனால் கடன் வேண்டும் என்றால் மூன்றாமவர் அறை வாசலில்தான் காத்திருப்பார். எண்ண வேண்டியது அந்தக் கையெழுத்தை என்பதுதான் என் கட்சி.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் (எந்த வங்கி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் பென்ஷன் வாங்கவில்லை) மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. கடன் பரிசீலனைக் குழுக்களில் பெண் அதிகாரிகள் இருக்க வேண்டும், எத்தனை பேர் என்று மாதாமாதம் தெரிவிக்க வேண்டும். என்னை ஒரு குழுவில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து பால் பாயசம் வைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

முதல் கூட்டத்திலேயே விளங்கிவிட்டது. முடிவு எல்லாம் பெரியவர் அறையில் டீ குடிக்கும்போதே ஆகிவிடும். அந்த டீக்கு எனக்கு அழைப்பு கிடையாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஃபைல் என் மேஜைக்கு வரும், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டு. நான்கு மாதம் போட்டேன். ஐந்தாவது மாதம் ஒரு ஃபைலில் கணக்கு உதைத்தது. சரக்கு இருப்புக்கும் விற்பனைக்கும் ஒத்தே போகவில்லை. என் ஆட்சேபத்தை அரைப் பக்கம் எழுதி வைத்தேன்.

அடுத்த மாதம் என்னைக் குழுவிலிருந்து எடுத்து, ஊழியர் நலனும் இந்தி விழாவும் பார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். திருநெல்வேலிக்காரி போபாலில் உட்கார்ந்து இந்திக் கட்டுரைப் போட்டிக்குப் பரிசுக் கோப்பை வாங்கிய கதை அது :-) சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன்தான். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று உண்டு. என் இடத்தில் இன்னொரு பெண் அதிகாரியைப் போட்டார்கள். அதனால் மாத அறிக்கையில் 'குழுவில் பெண்கள்: 1' என்பது மாறவே இல்லை. நான் ஆட்சேபித்ததும் தெரியாது, தூக்கியடிக்கப்பட்டதும் தெரியாது. எண் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து, 'இத்தனை பெண்கள் இருக்கிறார்கள்' என்று யார் எண்ணைக் காட்டினாலும் எனக்கு அந்தப் பென்சில் டிக்தான் ஞாபகம் வருகிறது.

*

இப்போது 2024-க்கு வருவோம். ஜூன் 9-ல் பதவியேற்ற 72 பேரில் 7 பெண்கள். கேபினட்டில் இருவர், நிர்மலா சீதாராமனும் அன்னபூர்ணா தேவியும். தனிப்பொறுப்பு இணை அமைச்சர்கள் ஐந்து பேரில் பெண் யாரும் இல்லை. மீதி ஐந்து பெண்களும் வெறும் இணை அமைச்சர்கள்.

அப்போது இங்கே மத்தியப் பிரதேசத்தில் ஒரே குதூகலம். தார் தொகுதி எம்.பி. சாவித்திரி தாக்கூருக்கு இணை அமைச்சர் பதவி. பழங்குடிப் பெண் ஒருவர் தில்லியில் அமைச்சராவது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. எந்தத் துறை? பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. அந்தத் துறையின் கேபினட் அமைச்சர் யார்? அன்னபூர்ணா தேவி. அதாவது, இருக்கிற ஏழு பெண்களில் இரண்டு பேரை ஒரே அமைச்சகத்தில் வைத்தாயிற்று.

இந்த அமைச்சகத்தின் ஜாதகத்தைப் பாருங்கள். 2006 ஜனவரியில் தனி அமைச்சகமானது. ரேணுகா சவுத்ரி, கிருஷ்ணா தீரத், மேனகா காந்தி, ஸ்மிருதி இரானி, அன்னபூர்ணா தேவி. ஆட்சி மாறியது, கட்சி மாறியது, இது மட்டும் மாறவில்லை. ஆண் ஒருவர் அங்கன்வாடியைப் பற்றிக் கவலைப்பட்டால் என்ன குறைந்துவிடும்? குழந்தை என்பது அம்மா சமாசாரம் மட்டும்தானா?

2024 ஜூலையில் போட்ட பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 48.21 லட்சம் கோடி. இந்த அமைச்சகத்துக்கு 26,092 கோடி. நூறு ரூபாய்க்கு 54 காசு.

உடனே, "அப்படியானால் பட்ஜெட்டை வைத்து அளந்துவிடலாமே" என்று என் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். அதிலும் ஒரு குழி இருக்கிறது. அதே பட்ஜெட்டில் வெளியுறவுத் துறைக்கு 22,155 கோடிதான், பெண்கள் குழந்தைகள் துறையைவிடக் குறைவு! அதற்காக வெளியுறவு சின்னத் துறையா? பணத்தைத் தவிர இன்னொரு எடைக்கல்லும் வேண்டியிருக்கிறது. அது நாற்காலி.

தில்லியில் நிஜமான கையெழுத்து விழும் இடம் கேபினட்டின் குழுக்கள். பாதுகாப்புக்கான கேபினட் குழுவில் ஐந்து நாற்காலி. பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, நிதி. 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை அந்த ஐந்தில் இரண்டில் பெண்கள் இருந்தார்கள். வெளியுறவில் சுஷ்மா, பாதுகாப்பில் நிர்மலா. ஐந்துக்கு இரண்டு என்றால் 40 சதவீதம். தலையை மட்டும் எண்ணினால் இது கண்ணிலேயே படாது. ஆக, என் அளவுகோல் குறை சொல்ல மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள். பாராட்ட வேண்டிய இடத்தில் தலைக்கணக்கைவிட இதுதான் தாராளமாகப் பாராட்டும். மதுரையில் பிறந்து திருச்சியில் படித்த ஒரு பெண் 2019 மே மாதம் நாட்டின் முதல் முழுநேரப் பெண் நிதியமைச்சரானதில் எனக்கும் பெருமைதான். (அன்று நம் தமிழ்க் குழுக்களில் வந்த ஃபார்வர்டுகளில் பாதியை நானேதான் அனுப்பினேன்.)

ஆனால் அந்த ஒருவரைக் காட்டியே எத்தனை நாள் வாயை அடைப்பது? உள்துறையில் இந்திரா காந்தி 1970-லிருந்து 1973 வரை, பிரதமராக இருந்துகொண்டே வைத்திருந்ததைத் தவிர்த்தால், ஒரு பெண்கூட வந்ததில்லை. எங்கள் அரசுடைமை வங்கிகளின் தலைவர் நியமனத்துக்கு ஒப்புதல் தரும் நியமனக் குழுவில் இரண்டே பேர்தான், பிரதமரும் உள்துறை அமைச்சரும். உள்துறைக்குப் பெண் வராதவரை, பிரதமரும் ஆணாக இருக்கும்வரை, அந்த அறையில் பெண் கையெழுத்தே கிடையாது. எத்தனை இணை அமைச்சர்களை நியமித்தாலும் கிடையாது.

*

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "எம்.பி.க்களிலேயே பெண்கள் குறைவு. கிணற்றில் இருந்தால்தானே வாளியில் வரும்?"

கேட்க நியாயமாக இருக்கும். எடுத்துப் பார்த்தால் கதை வேறு. 2014 மக்களவைக்கு வென்ற பெண்கள் அறுபது சொச்சம். அப்போது கேபினட்டில் நாலில் ஒன்று பெண். 2024-ல் வென்ற பெண்கள் 74 பேர், அதாவது நூறுக்குப் பதின்மூன்றரை. கேபினட்டிலோ நூறுக்கு ஆறரை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, வாளியில் இறங்கியிருக்கிறது. அப்படியானால் கோளாறு கிணற்றிலா, இறைப்பவர் கையிலா? போதாக்குறைக்கு, அமைச்சராக மக்களவைக்குத்தான் ஜெயிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. நிதியமைச்சரே மாநிலங்களவை உறுப்பினர்தான்.

2023-ல் நிறைவேறிய 106-வது திருத்தம் மக்களவையிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் அதில் அமைச்சர் பதவி பற்றி ஒரு வரி கிடையாது. நாளைக்கே 181 பெண்கள் மக்களவைக்குள் போனாலும், கேபினட்டில் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு பதில், "திறமை பார்த்துக் கொடுக்கிறார்கள்." அடடா. சாதி பார்த்து, மாநிலம் பார்த்து, கூட்டணிக் கட்சி பார்த்து, அடுத்த தேர்தல் எந்த ஊரில் என்று பார்த்து அமைச்சர் போடும் நாட்டில், பெண் என்று வரும்போது மட்டும் திறமை எப்படி ஞாபகத்துக்கு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. (ஆட்டோ அனுப்பிவிடாதீர்கள். எல்லாக் கட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

நம்பிக்கை இல்லையென்றால் ஊர்ப்பக்கம் போய்ப் பார்ப்போம்.

1957-ல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அதில் ஒருவர் லூர்தம்மாள் சைமன். குமரிமுனைக்காரர். குமரி சென்னை மாநிலத்தோடு இணைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். அவருக்குக் கிடைத்தது உள்ளாட்சித் துறை. அதே 1957-ல் பக்கத்துக் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைத்த 11 பேர் அமைச்சரவையில் கே.ஆர். கௌரியம்மா வருவாய்த் துறை அமைச்சர். நிலச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவரே அவர்தான். நிலத்தில் கை வைப்பதைவிடப் பெரிய கையெழுத்து அந்தக் காலத்தில் ஏது?

2021 மே மாதம் சென்னையில் பதவியேற்ற அமைச்சரவையில் முதல்வரையும் சேர்த்து 34 பேர். பெண்கள் இரண்டு பேர். கீதா ஜீவனுக்கு சமூக நலமும் மகளிர் உரிமையும். கயல்விழி செல்வராஜுக்கு ஆதிதிராவிடர் நலம். எட்டில் ஒன்று பன்னிரண்டரை சதவீதம். 34-ல் இரண்டு ஆறு சதவீதத்துக்கும் கீழே. எட்டுப் பேர் உள்ள இடத்தில் ஒரு ஆள் கூடினால் குறைந்தால் சதவீதம் துள்ளும், அது எனக்கும் தெரியும். அதனால் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் துறையை மட்டும் பாருங்கள். 2011-ல் வந்த ஆட்சியில் பா. வளர்மதி, 2016-ல் வந்ததில் வி. சரோஜா, 2021-ல் கீதா ஜீவன். மூவரும் சமூக நலத் துறை. திராவிடக் கட்சி எதுவானாலும் சமூக நலத்துக்கு ஒரு அம்மா. அந்த மூவரில் முதல் இருவரும் இருந்தது ஒரு பெண் முதல்வராக இருந்த கட்சியின் ஆட்சியில்! பெண்ணுரிமையை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்ததாக இங்கே வடக்கத்திக்காரர்களிடம் மார்தட்டுகிறோமே, அவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

*

"சரிம்மா, எண்ணிக்கையாவது இருக்கட்டுமே. ஒன்றுமில்லாததற்கு அது மேல்தானே?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். மேல்தான். நாகாலாந்துக்கு 2023-ல்தான் முதன்முதலாக ஒரு பெண் அமைச்சர் வந்தார். பூஜ்யத்திலிருந்து ஒன்று பெரிய தாண்டல், அதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் எந்த எண்ணைக் கேட்கிறார்களோ அந்த எண் மட்டும் அழகாகிவிடும் என்பது நாங்கள் அனுபவத்தில் படித்த பாடம். ஜீரோ பேலன்ஸ் ஜன் தன் கணக்கு எத்தனை என்று மேலே கேட்டபோது, சில கிளைகளில் ஒரு ரூபாய் போட்டு எண்ணிக்கையைக் குறைத்த கதை 2016-ல் பேப்பரிலேயே வந்தது. கம்பெனிகளின் கதையும் அதுதான். 2013-ன் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. பல இடங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ வந்து உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை பூர்த்தி. பிறகு செபி விழித்துக்கொண்டு, முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் முதல் ஆயிரத்துக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் 'சார்பற்ற' பெண் இயக்குநர் வேண்டும் என்று மாற்றியது. ஒரே ஒரு சொல் சேர்ந்தது. உறவுக்காரர்களை வைத்து ஒப்பேற்றும் வழி அடைபட்டது. அளவை இறுக்கினால் நடப்பும் மாறும்.

அமைச்சரவைக்கும் இந்த இறுக்கல் வேண்டும். உலக அளவில் சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் இப்போது அமைச்சகத்துக்குத் தலைமை வகிக்கும் கேபினட் அமைச்சர்களைத்தான் எண்ணுகின்றன. 2025 தொடக்கத்தில் அந்தக் கணக்குப்படி உலக சராசரி 22.9 சதவீதம். நம் ஆறரையை அதன் பக்கத்தில் வைத்தால், "இந்தியாவை மட்டம் தட்டும் சதி" என்று கிளம்பிவிடுகிறார்கள். சதியும் இல்லை ஒன்றும் இல்லை. இணை அமைச்சரைக் கழித்தால் கிடைக்கும் மிச்சம் அது.

என்னைக் கேட்டால், அடுத்த முறை தில்லியிலோ சென்னையிலோ பதவியேற்பு நடக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்.

1. கேபினட்டில் மொத்தம் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர். இணை அமைச்சரை இதில் சேர்க்காதீர்கள், அவர்களுக்குத் தனி வரி.

2. தனியாகத் துறை கையில் உள்ள பெண்கள் எத்தனை பேர்.

3. எந்தத் துறை. சமூக நலம், பெண்கள் குழந்தைகள் துறைகளைக் கழித்தால் மிச்சம் எத்தனை பேர். (அந்தத் துறை மட்டம் என்று சொல்லவில்லை. அது ஒன்றே வாசல் என்றால்தான் கோபம்.)

4. முக்கியக் கேபினட் குழுக்களில் எத்தனை நாற்காலி.

5. எத்தனை நாள் இருந்தார்கள்.

ஐந்தாவதை மறந்துவிடாதீர்கள். மார்ச் 31 அன்று மட்டும் டெபாசிட்டை ஊதிப் பெருக்கிக் காட்டி ஏப்ரல் 2-ம் தேதி வெளியே விடும் வித்தை எங்கள் தொழிலில் பிரசித்தம். அதனால்தான் ஆண்டு முழுதுக்குமான சராசரி இருப்பைக் கேட்பார்கள். பதவியேற்பு நாள் போட்டோவும் மார்ச் 31 இருப்பு மாதிரிதான். 2019-ல் மூன்றாக இருந்த கேபினட் பெண்கள் 2020 செப்டம்பரில் ஹர்சிம்ரத் கவுர் ராஜினாமா செய்ததும் இரண்டானார்கள். 2021 மாற்றத்தில் பெண் இணை அமைச்சர்கள் ஏழு பேர் புதிதாக வந்தார்கள், அந்தக் காலியிடம் மட்டும் பெண்ணால் நிரம்பவே இல்லை. போட்டோவில் பதினொரு பேர் சிரித்தார்கள்.

*

கடைசியாக நம் வீட்டு விஷயம். தில்லியைத் திட்டுவது சுலபம்.

வெளியூரில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. அதன் நிர்வாகக் குழுவில் 'மகளிர் பிரதிநிதி' என்று ஒருவரோ இருவரோ உண்டு. அவர்களுக்குத் துறை: கோலப் போட்டி, குத்துவிளக்கு, நவராத்திரிச் சுண்டல். தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் சார்கள். சங்கத்துக்கு வங்கியில் கணக்கு இருக்கும். அதில் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யார் பெயரில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன். எங்கள் சங்கத்தில் நான் போன பத்து வருஷத்தில் ஒரு பெண் பெயர்கூட அந்த அட்டையில் ஏறவில்லை.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் பொருளாளர் பதவிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மூத்த அண்ணாச்சி ஒருவர், நல்ல மனுஷர், என் மேல் பிரியமுள்ளவர், போன் பண்ணினார். "ஏம்மா, கணக்கு வழக்குன்னா ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து பாக்கணும்லா. ஒனக்குச் சிரமம்லாம்மா?"

இருபது வருஷமாக நான் வேறு என்ன செய்கிறேன் என்று நினைத்தார் என்று தெரியவில்லை. "பரவால்ல அண்ணாச்சி, பழகிருச்சு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சுண்டலை யாரு பாப்பா?" என்றார். அது நியாயமான கேள்வி. பதிலை பொதுக்குழுவில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மகள் தங்கக் கலரைக் கடைசியில் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு வரிசைத் தூண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் 'மேலே உள்ளது வந்தவர்கள், கீழே உள்ளது முடிவெடுப்பவர்கள்' என்று இந்தியில் எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் பத்துக்கு ஏழு போட்டிருக்கிறார். சார்ட் பார்க்கக் குழப்பமாக இருக்கிறதாம்.

டிஸ்கி: எந்தக் கட்சிக்கும் நான் கொடி பிடிக்கவில்லை. கூட்டலில் தப்பிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்தின் கையெழுத்து அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.